வீதியில் கிடக்கும் எங்கள் நெல்லுக்காக ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிப் பிரதேச சபையில் இருப்பவர்களுக்கும், கமநல அலுவலர்களுக்கும், கமக்காரர் அமைப்பு அண்ணைமாருக்கும், என்னைப் போலவே வீதியில் நெல் பரப்புகிற எங்கள் ஊர் ஆக்களுக்கும்,

வணக்கம். காலை ஆறரை மணி. எங்கள் ஊருக்கு ஒரு நெல் உலர்த்தும் தளம் கேட்டு, வீதியோரம் நெற்குவியலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு போனில் இதைத் தட்டத் தொடங்குகிறேன். இருபது அடிக்கு அங்கால் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு பனிப்புகார். பரந்தன் போகிற முதல் பஸ் லைற்றைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்து, எங்கள் குவியலைக் கண்டதும் ஹோர்ன் அடித்து விலகிப் போனது. தறப்பாளின் மேல் பனி தண்ணீராக ஓடுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. அது நெல்லைத் துளைக்காமல் விட்டால் போதும் என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு மாசியும் எங்களுக்குக் கழிகிறது.

வெயில் ஏறி, தார் காய்ந்து, தறப்பாளை இழுக்க ஒன்பது மணியாகும். அதுவரை காத்திருப்பதுதான் வேலை. பிளாஸ்கில் பிளேன்ரீ இருக்கிறது, கடிக்கப் பனங்கட்டித் துண்டு இருக்கிறது. நேற்று அவித்த பனங்கிழங்கில் மிஞ்சியதை அம்மா தும்பு எடுத்து, மிளகும் உப்பும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு உரலில் இடித்து உருண்டையாக்கித் தந்துவிட்டா. இந்தப் பனிக்குள் அதைத் தின்றால் தொண்டையில் மிளகு இறங்குவது தனியாகத் தெரியும். வருடத்தில் இந்த ஒன்றிரண்டு மாதம்தான் பனங்கிழங்கு நல்ல இளசாகக் கிடைக்கும், பிறகு தும்பு முற்றிவிடும். மாசியைப் பற்றி முறைப்பாடு எழுதப் போகிறவள் இதையும் எழுதாவிட்டால் நியாயமில்லை என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்களுக்குக் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழே இரண்டரை ஏக்கர் வயல். மாரி மழைக்கு விதைத்த இந்தக் காலபோகத்தில் 58 மூடை வந்தது. தைப்பூசத்துக்குப் புதிர் என்று முதல் கதிர் எடுத்தோம், முந்தநாள் வெட்டினோம். வெட்டு மிசின் வந்து மூன்று மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மிசினுக்குப் பின்னால் கொக்குகள் ஐம்பது அறுபது நடந்து வந்து தவளை பிடித்தன, பிள்ளைகள் வைக்கோலில் விழுந்து உருண்டார்கள், மிசின் ஓட்டுகிற தம்பி சாப்பிடவும் நேரமில்லாமல் அடுத்த வயலுக்குப் போனான். எல்லாம் சந்தோசம்தான். ஆனால் பெட்டியில் கொட்டிய நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே சூடு, ஈரம். அன்றிரவே பரப்பாவிட்டால் இரண்டு நாளில் மணம் மாறி, மூன்றாம் நாள் அடிநெல் முளைகட்டத் தொடங்கும்.

ஏன் வீதியில் காயப்போடுகிறீர்கள், முந்தி எல்லாம் இப்படி இல்லையே என்று எங்களைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். கேள்வி சரியானது, அதற்குப் பதிலும் இருக்கிறது. முந்தி கையால் அரிவி வெட்டினால் கதிரைச் சிறு சிறு பிடிகளாக, உப்பட்டியாகப் போட்டு வயலிலேயே காயவிடுவார்கள். பிறகு கட்டி, களத்துக்குக் காவி வந்து, கதிர்ப்போராக அடுக்கிச் சூடு வைப்பார்கள். சூடு நாள்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் நிற்கும். பிறகுதான் மாட்டை விட்டோ மிசினை விட்டோ மிதிப்பது. ஆகவே நெல் தாளில் இருக்கும்போதே அரைவாசிக்கு மேல் காய்ந்துவிடும், மிதித்துத் தூற்றிய பிறகு களத்திலேயே இரண்டு வெயில் காட்டினால் போதும். களம் என்று சாணம் மெழுகிய ஒரு நிலம் ஒவ்வொரு வயற்கரையிலும் இருந்தது. அதற்குள் செருப்போடு போக விடமாட்டார்கள், நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றுதான் சொல்லுவார்கள். வெட்டு மிசின் வந்ததும் உப்பட்டி போனது, சூடு போனது, களமும் வயலோடு சேர்ந்து உழுபட்டுப் போனது. வெட்டுகிற வேலையை மிசின் எடுத்துக்கொண்டது, காயவைக்கிற வேலையை மட்டும் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது அப்படியே வீதிக்கு வந்து கிடக்கிறது.

மிசினைப் பிழை சொல்லவில்லை. அதை நிறுத்து என்று கேட்க எனக்கு மனம் வராது, ஏனென்றால் அரிவி வெட்டில் முதுகு முறிந்தவர்கள் எங்கள் அம்மாமார்தான்.

ஒன்பதேகால். தறப்பாள் இழுத்துப் பரப்பியாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

மிசினால் வெட்டின நெல்லில் ஈரம் 20 வீதத்துக்கு மேலேயே நிற்கும். வைத்துப் பாதுகாக்கவோ நல்ல விலைக்கு விற்கவோ அது 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் நெல்லுக்கு விலை அறிவித்தது: நாடு என்கிற நெல் வகை கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. அது காய்ந்த நெல்லுக்கான விலை. பச்சை நெல்லோடு நிற்பவருக்கு அந்த விலை பேப்பரில் வாசிப்பதற்கு மட்டும்தான். வயற்கரைக்கே லொறியோடு வருகிறவர் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார், 'இன்னும் பச்சை அக்கா' என்பார், மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று தன் பாட்டில் ஒரு கணக்கைச் சொல்லுவார். சரியான கணக்கு எப்படி என்று நான் பிள்ளைகளின் கணிதக் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். 20 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோ நிற்கும். குறைவது 7 கிலோ. அதற்கு மேல் கழிக்கிற ஒவ்வொரு கிலோவும் எங்கள் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டியது. ஆனால் ஈரம் எத்தனை என்று அளந்து காட்ட எங்கள் கையில் ஒன்றும் இல்லை, பல்லுத்தான் இருக்கிறது, அவரிடமும் பல்லுத்தான் இருக்கிறது.

சரி, ஏன் வீதி? வேறு இடமில்லை, அதுதான். இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினால் ஒரு மூடைக்குக் கிட்டத்தட்ட 25 சதுர அடி வேண்டும். எங்கள் 58 மூடைக்கு 1,450 சதுர அடி. எங்கள் வீட்டு முற்றத்தில் சீமெந்து போட்ட இடம் கிணற்றடி மட்டும்தான். மண்ணில் தறப்பாள் விரித்துப் போட்டால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது, கோழியும் மயிலும் வேறு. பாடசாலை மைதானத்தை ஒருமுறை யோசித்தோம், ஆனால் இந்த மாதம்தான் இல்ல விளையாட்டுப் போட்டி, பிள்ளைகள் ஓடிப் பழகுகிற இடத்தில் நெல்லைக் கொட்ட எப்படி மனம் வரும். ஆகவே மிஞ்சுவது காப்பெற் வீதி. கறுப்புத் தார், பதினொரு மணிக்கே கால் வைக்க முடியாத சூடு, ஒரு பக்கத்தில் 10 அடி அகலம் எடுத்தால் 145 அடி நீளத்தில் எங்கள் நெல் முழுவதும் அடங்கும். 2010இல் நாங்கள் மீளக் குடியேற வந்தபோது இந்த வீதி சேற்றுப் பள்ளம். பிறகு காப்பெற் போட்ட அன்று ஊரே வந்து நின்று பார்த்தது. எங்கள் ஊரில் முதன்முதல் வந்த நல்ல, சமதரையான, காய்ந்த இடம் அதுதான், அடுத்த அறுவடைக்கே நெல் அதில் ஏறியது. நெல்லை மூடியிருக்கும் தறப்பாளில் ஒன்று 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் எங்களுக்குக் கூரையாக இருந்தது. மூலைகளில் கிழிந்துவிட்டது, அம்மா எறிய விடமாட்டா.

இனி எழுதக் கஷ்டமான பகுதி.

போன வருடம் இதே மாசியில் என் தங்கச்சி வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்தாள். பின்னேரம் ஐந்தரை இருக்கும், இருட்டவில்லை. முன்னால் வந்த லொறிக்கு விலத்தியபோது அவளுடைய முன் சில்லு நெல்லில் ஏறியது. நெல்லில் சில்லு ஏறினால் பிரேக் பிடித்துப் பிரயோசனமில்லை, உமி வழுக்கிக்கொண்டு போகும். வலது கை மணிக்கட்டு முறிந்தது, முழங்கால் கிழிந்தது, தலைக்கவசம் இருந்தபடியால் பிள்ளை எங்களுக்கு மிஞ்சினாள். ஒன்றரை மாதம் கையில் மாவுக்கட்டோடு இருந்தாள், தலை இழுப்பதும் சோறு குழைத்துக் கொடுப்பதும் நான்தான். ஆசுப்பத்திரியில் வைத்து நான் ஆருடைய நெல் என்று கேட்கத் தொடங்க, அவள் சொன்னாள்: "ஆற்ற நெல் எண்டு கேக்காதை அக்கா. முந்தநாள் அதே இடத்தில எங்கட நெல்லுத்தானே கிடந்தது."

உண்மை. அதே இடத்தில்தான் கிடந்தது. வேறு யாரோ ஒருவருடைய பிள்ளை எங்கள் நெல்லில் வழுக்காமல் போனது எங்கள் கவனத்தால் அல்ல. அன்றிலிருந்து இந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் நான் எழும்பி நிற்கிறேன். இப்போதும் எழும்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே அதிகாரிகளுக்கு எழுதுமுன் எங்கள் ஆக்களுக்கு ஒன்று. நெல்லைக் காக்க வீதியில் கல்லும் மரக்குற்றியும் அடுக்குகிறோமே, நெல்லை அள்ளிய பிறகு அந்தக் கல்லை எடுக்கிறோமா? எங்கள் சந்தியிலிருந்து பாலம் வரை நேற்றிரவு டோர்ச் அடித்துக்கொண்டு நடந்தேன், ஒன்பது இடத்தில் கல் அப்படியே கிடந்தது. பனிப்புகாருக்குள் ஐந்து மணிக்குப் பால் கொண்டு போகிற ஐயாவுக்கு அது எப்படித் தெரியும்? வளைவில் பரப்ப வேண்டாம், பாலத்தடியில் பரப்ப வேண்டாம், இரண்டு பக்கமும் எதிரெதிரே பரப்பி நடுவில் ஒற்றையடிப் பாதை விட வேண்டாம். கல்லுக்குப் பதிலாக வெள்ளை உரப்பையைத் தடியில் கட்டி நடுவோம், தூரத்திலேயே தெரியும், மோதினாலும் ஆளை விழுத்தாது. நாலரைக்குள் அள்ளிக் குவித்துத் தும்புத்தடியால் கூட்டி விடுவோம். சிதறிக் கிடக்கிற ஒரு பிடிதான் ஆளை வழுக்குகிறது, குவியல் அல்ல.

வீதி நெல்லுக்கும் நல்லதில்லை என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. லொறி ஏறினால் மணி உடையும். உடையாததும் தாரின் சூட்டில் சடுதியாகக் காய்ந்து உள்ளே வெடிக்கும், வெளியே தெரியாது, ஆலையில் குற்றும்போதுதான் குறுணலாகக் கொட்டும். சின்னக் கல்லு சேரும். அம்மா சுளகில் எவ்வளவு புடைத்தாலும் தாரில் கழன்ற கல் ஒன்று சோற்றில் பல்லில் படும். அரைமணிக்கு ஒருக்கால் காலால் துழாவிக்கொண்டு நடந்தால் ஓரளவு தப்பும். அப்படித்தான் இப்போது நடக்கிறேன், நீட்டுக்கு ஏழு சால், திரும்பி ஏழு சால்.

இனி உங்களிடம் கேட்பது. எங்களுக்கு ஒரு நெல் உலர்த்தும் தளம் வேண்டும்.

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கரப்பந்தாட்ட மைதானத்தின் கோட்டுக்குள் இருக்கிற இடம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், சதுர அடிக் கணக்கில் 1,740 வரும். அதில் ஒரே தடவையில் 65 மூடையைப் பரப்பலாம். நல்ல மாசி வெயிலென்றால் இரண்டு நாளில் காயும். அறுவடை ஒரு மாதம் ஓடுகிறது, அந்த ஒரு மாதத்தில் ஒரு தளத்தில் கிட்டத்தட்ட 1,000 மூடை காயவைக்கலாம். எங்கள் வாய்க்காலில் 40 குடும்பம், குடும்பத்துக்கு 50 மூடை என்று வைத்தால் 2,000 மூடை. இரண்டு தளம் போதும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கரப்பந்தாட்ட மைதானம் அளவு சீமெந்து, அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நாளில் வெட்டாமல் வாய்க்கால் முறைபோல நாள் முறை வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. தண்ணீருக்கு முறை வைத்துப் பழகின ஆக்கள் நாங்கள், தளத்துக்கும் வைப்போம்.

போடும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். தண்ணீர் நிற்காமல் ஒரு பக்கம் மெல்லச் சரிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழைக்கே குளம். மரநிழலில் போட வேண்டாம். உழவு மிசின் பெட்டியோடு உள்ளே வந்து திரும்ப வழி வேண்டும். ஒரு பக்கத்தில் தகரக் கொட்டில் ஒன்று, சுவர் தேவையில்லை, தூண் நாலும் கூரையும். மாசியிலும் திடீரென்று மழை இறங்குகிறது, அந்த நேரம் நெல்லை வாரி ஒதுக்க ஓர் இடம் வேண்டும். தளம் என்று ஒன்றைக் கட்டிவிட்டு வயலிலிருந்து மூன்று கிலோமீற்றர் தள்ளி, எங்கோ அரசாங்கக் காணி கிடைத்த இடத்தில் வைத்தீர்கள் என்றால் அதற்கு எவரும் நெல்லை ஏற்றிக்கொண்டு போகமாட்டார்கள், பிறகு 'கட்டிக் கொடுத்தோம், சனம் பாவிக்கவில்லை' என்று எழுதி மூடுவீர்கள். தயவு செய்து இடத்தை எங்களோடு நடந்து பார்த்துத் தெரியுங்கள். எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் வெறும் காணி கிடக்கிறது. கல்லு மண்ணு பறிக்க, சீமெந்து குழைக்க, சிரமதானத்துக்கு ஆக்களைச் சேர்ப்பது என்னுடைய பொறுப்பு, மாதர் சங்கத்தில் கதைத்துவிட்டேன், இருபத்திரண்டு பேர் பெயர் தந்திருக்கிறார்கள்.

வருடத்தில் மாசியும், சிறுபோகம் என்கிற கோடைச் செய்கையின் அறுவடையும் போக மிச்ச மாதமெல்லாம் அந்தத் தளம் சும்மாதான் கிடக்கும். பெடியள் வலை கட்டி விளையாடட்டும். இப்போது அவர்கள் விளையாடுகிற மைதானம் மண், மழை வந்தால் இரண்டு மாதம் சேறு. கோட்டை நாங்களே சுண்ணாம்பால் போட்டுக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, சின்னது, செலவும் குறைவு. கமக்காரர் அமைப்பில் ஈரம் பார்க்கிற கருவி ஒன்று வாங்கி வையுங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. மூடைக்கு ஐந்து ரூபா என்று அறவிட்டாலும் கொடுப்போம். அதில் பதினாலு என்று இலக்கம் தெரிந்தால் பிறகு லொறிக்காரர் கடித்துப் பார்க்க வேண்டியதில்லை, நானும் கெஞ்ச வேண்டியதில்லை, இரண்டு பேரும் மரியாதையாகக் கதைத்துக் காசை எண்ணலாம்.

வீதியை விட்டால் எனக்கு இழப்பும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். இரவில் குவியலுக்குக் காவல் இருக்கிறோம். எட்டு மணிக்குப் பிறகு வாகனம் குறைந்துவிடும். பக்கத்துக் குவியல் அண்ணை தென்னம் மட்டையும் பாளையும் கொண்டு வந்து நெருப்பு மூட்டுவார், நாங்கள் ஐந்தாறு குவியல்காரர் சுற்றி இருந்து கதைப்போம். வருடம் முழுக்க ஒரே ஒழுங்கையில் இருந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பத்து நாளில்தான் ஒருவருக்கொருவர் கதைக்கிறோம். ஆருடைய பிள்ளைக்கு எங்கே கலியாணம் பொருந்தியிருக்கிறது, ஆருக்கு வங்கிக் கடன் இறுக்குகிறது, எந்த வாய்க்காலில் யானை இறங்கியது, எல்லாம் அந்த நெருப்படியில்தான். சிவராத்திரி இரவு கோயில் ஒலிபெருக்கியில் தேவாரம் வர, வீதியில் நெல்லோடு முழித்திருப்போம். போன சிவராத்திரிக்கு அம்மா தேவாரத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டே சாக்கு தைத்தா, நாலாம் சாமத்தில் குரல் அடைத்த பிறகும் ஊசி நிற்கவில்லை. பனி கொட்ட, ஒரே போர்வைக்குள் அம்மாவும் நானும். அந்த இரவுகள் எனக்கு வேண்டும். தளத்துக்குப் பக்கத்திலும் நெருப்பு மூட்டலாம், காவலும் அங்கே இருக்கத்தானே வேண்டும். ஹோர்ன் சத்தம் மட்டும் இருக்காது.

காய்ந்து முடிய இன்னும் ஒரு வெயில் வேண்டும். நாளைக்கு ஏற்றினால், காசு கையில் வந்ததும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு, தங்கச்சிக்கு இரண்டு பை கச்சான் வாங்க வேண்டும். சூடாக வறுத்ததுதான் வேண்டுமென்பாள். முதல் சோறு இந்த நெல்லில்தான். புது அரிசி குழைந்துதான் போகும், ஆனால் பானையைத் திறந்ததும் வீடு முழுக்க வருகிற மணத்துக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி ஒன்று போதும்.

சிறுபோகக் கூட்டம் அடுத்த மாதமளவில் வைப்பீர்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர், யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கதைத்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிடும் என்று தெரியும். நிகழ்ச்சி நிரலில் தளத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அளந்த கணக்கும் காணியின் படமும் இருபத்திரண்டு பெயரும் கொண்டு வருகிறேன். அடுத்த மாசிக்குள் ஒரு தளம் என்றாலும் போட்டுத் தாருங்கள், மற்றதற்கு அதற்கடுத்த வருடம் வரை பொறுத்திருப்போம்.

நாலு மணியாகிவிட்டது. மேற்கே பனி இறங்கத் தொடங்குமுன் அள்ளிக் குவிக்க வேண்டும், தங்கச்சியும் இப்போது இந்த வழியால்தான் வருவாள்.

இப்படிக்கு,
இரணைமடுவின் கீழே இரண்டரை ஏக்கர் செய்கிற ஒருத்தி